என்ஜின்ல நாமளே கை வச்ச பொறவு ஐட்லிங் ஆடுதா, லைட் எரியுதா? எங்கன இருந்து தேடணும்

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பாளையங்கோட்டைல எங்க வீட்டு முன்னாடியே காரை நிப்பாட்டி டேப்பட் கவர் (என்ஜின் தலை மேல உள்ள மூடி) பேக்கிங் மாத்துனேன், கழட்டுததுதான் கழட்டுதோம்னு பிளக் நாலும் புதுசு போட்டேன், என்ஜினுக்குக் காத்து போற வழியத் தொறந்து மூடுற திராட்டில் பாடியையும் கிளீன் பண்ணினேன். சோலி முடிய சாயங்காலம் ஆயிட்டு. சாவியத் திருப்புனா ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஐட்லிங்ல, அதாவது ரேஸ் கொடுக்காம சும்மா ஓடும்போது, ஸ்டியரிங்ல வச்ச கை நடுங்குது, சைலன்சர்ல புப்... புப்னு விட்டு விட்டு சத்தம், டாஷ்போர்டுல செக் என்ஜின் லைட் மினுக்கி மினுக்கி எரியுது. காலைல லேசா ஆயில் கசிஞ்சதத் தவிர ஒரு குறையும் இல்லாம ஓடுன வண்டி.

பிளக்குக்குக் கரண்டு கொடுக்குற காயில் போயிட்டு, புதுசு வாங்கிர வேண்டியதுதான்னு நெனைச்சுக்கிட்டு மேலப்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, காயில் அவுட்டுன்னு நெனைக்கேன்"னேன். அவங்க கேட்டாங்க, "காலைல அந்தக் காயில் நல்லா இருந்துச்சுல்லா? மத்தியானம் நீ என்னத்தெல்லாம் கழட்டுன, அத வரிசையாச் சொல்லு தம்பி." நான் சொல்லச் சொல்ல அவங்க நடுவுல நடுவுல "அது ஒழுங்கா மாட்டுச்சா, டக்குனு சத்தம் கேட்டுச்சா"ன்னு கேட்டாங்க. நாலஞ்சு எடத்துல எனக்கு உறுதியா பதில் சொல்ல முடியல. கடைசில கோளாறு ரெண்டும் அந்த நாலஞ்சு எடத்துக்குள்ளயேதான் இருந்துச்சு, ஒரு பார்ட்டும் வாங்க வேண்டி வரல. அதனாலதான் இத எழுதுதேன். வேலைக்கு முன்னாடி நல்லா இருந்து வேலைக்குப் பொறவு வந்த கோளாறுன்னா நீங்க கழட்டுனது, கழட்டுததுக்காக ஒதுக்கி வச்சது, தெரியாம கை பட்டது, இந்த மூணுலதான் பெரும்பாலும் இருக்கும். கடைக்குப் போகதுக்கு முன்னாடி அந்த வழியவே திரும்ப ஒருக்கா நடந்து பாருங்க.

ஸ்பானர எடுக்கதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர எடுத்து இன்னைக்கு கழட்டுன ஒவ்வொண்ணையும் எழுதுங்க, கப்ளர் (வயர் முனைல உள்ள பிளாஸ்டிக் மாட்டி), ஹோஸ், கிளிப், எர்த் வயர், ஏர் ஃபில்டர் டப்பா, ஆயில் மூடி, டிப்ஸ்டிக் வரைக்கும். மனசுல வச்சா விட்டுப்போகும், எழுதுனா விட்டுப்போகாது. மிச்சமா ஒரு போல்ட்டோ கிளிப்போ தரைல கெடந்தா அது எங்கன உள்ளதுன்னு தெரியாம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

பேட்டரி டெர்மினல கழட்டி லைட்ட அழிக்கணும்னு உடனே தோணும், அத மட்டும் செய்யாதீங்க. ஈசியுக்குள்ள, அதாவது என்ஜின் கம்ப்யூட்டருக்குள்ள, கோளாறோட கோட் நம்பர் இருக்கும், கூடவே கோளாறு வந்த அந்த நேரம் ஆர்பிஎம் எவ்வளவு, சூடு எவ்வளவு, வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சா நின்னுச்சாங்கிற விவரமும் பதிஞ்சிருக்கும், பேட்டரிய கழட்டுனா அம்புட்டும் போயிரும். ஸ்டியரிங்குக்குக் கீழ டேஷ்போர்டு அடில 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல மாட்டுற சின்ன புளூடூத் ஸ்கேனரும் போன்ல ஒரு ஆப்பும் இருந்தாலே முதல் கட்டத்துக்குப் போதும். நம்ம நாட்டுல 2010 ஏப்ரல்ல பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதி கூட ஓபிடி 1 (வண்டியே தன் கோளாறச் சொல்லுற முறை) வந்துச்சு, 2013 ஏப்ரல்ல இருந்து ஓபிடி 2, அதனால அதுக்குப் பொறவு வந்த காருன்னா சாதாரண ஸ்கேனரே கோட் வாசிச்சிரும், அதுக்கு முந்தின வண்டின்னா சாக்கெட் இருந்தும் பேசாமப் போக வாய்ப்புண்டு, அப்ப ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான்.

இன்னொண்ணு, என்ஜின் ஓடும்போது குனிஞ்சு பாக்க வேண்டி வரும். சாரம் கட்டிக்கிட்டோ துண்டத் தோள்ல போட்டுக்கிட்டோ பெல்ட் பக்கம் போகாதீங்க, கார் ஃபேன் சொல்லாம கொள்ளாம சுத்த ஆரம்பிக்கும். மூடுன ஷெட்டுக்குள்ள ஓட விடாதீங்க, சைலன்சர் புகைல உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளச் சாச்சிரும். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல்ல வச்சு, டயருக்கு ஒரு கல்லும் வச்சுக்கோங்க.

எந்த லைட், என்ன கலர்

செவப்பு ஆயில் கேன் லைட் எரிஞ்சா வேற ஒண்ணையும் யோசிக்க வேண்டாம், அந்த நிமிசமே ஆஃப். ஐட்லிங்ல ரெண்டு நிமிசம் ஓட்டிப் பாப்போம்ங்கிறது பேரிங்க தின்னுரும். டிப்ஸ்டிக்ல லெவல் பாருங்க. ஆயில் ஃபில்டர் மாத்தியிருந்தா, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் என்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னு, அது மேல புது ஃபில்டரும் ஏறியிருக்கான்னு பாருங்க, ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா பிரஷர்ல பிதுங்கி ஆயில் பூராவும் கொட்டிரும். லெவல் சரி, கசிவு இல்லன்னா மட்டும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சோட ஒத்த வயர் நசுங்கி பாடில தொடுதான்னு பாக்கலாம்.

செவப்பு பேட்டரி லைட்னா ஆல்டர்னேட்டர் பெல்ட்டோ அதோட கப்ளரோ. மல்டிமீட்டர பேட்டரில வைங்க, என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.5ல இருந்து 14.5 வோல்ட் வரணும், 12 சொச்சத்துலயே நின்னு கொறைஞ்சுக்கிட்டே வந்தா சார்ஜ் ஏறல. டெம்பரேச்சர் முள்ளு ஏறுனாலும் ஆஃப்தான், கூலன்ட் மாத்துன பொறவுன்னா உள்ள காத்து அடைச்சு நிக்கும், ஆறுன பொறவுதான் ரேடியேட்டர் மூடியத் தொடணும்.

மஞ்ச செக் என்ஜின் லைட் விடாம எரிஞ்சா பைய வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம். மினுக்குதுன்னா வேற கதை. மிஸ்ஸிங் (சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம விட்டுப்போறது) பலமா இருக்கு, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ள போய், புகையச் சுத்தம் பண்ணுற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல எரியுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அது உருகி அடைச்சா அந்தச் செலவு ஒரு பிளக் செட்டு விலையைப் போல பல மடங்கு. வள்ளியூர்ல இருந்து நாகர்கோயில் வரைக்கும் மினுக்க மினுக்க ஓட்டிட்டுப் போனேன்னு ஒருத்தர் என்ட்ட சொன்னாரு, கேட்டதுமே எனக்கு வயித்தக் கலக்கிட்டு. தயவுசெஞ்சு ஓட்டாதீங்க, மினுக்குனா ரேஸ் கூட கொடுக்காதீங்க.

ஒரே தாளத்துல ஆட்டம், சைலன்சர்ல புப் புப்

இது ஒரு சிலிண்டர் வேலை செய்யாத குணம். சைலன்சர் வாய்க்கு அரை அடி தள்ளி ஒரு பேப்பரப் பிடிங்க, நல்ல என்ஜின்னா ஒரே சீராத் தள்ளிக்கிட்டு நிக்கும், மிஸ்ஸிங்னா விட்டு விட்டு உதறும். ஸ்கேனர்ல பி0301, பி0302, பி0303, பி0304ன்னு வந்தா கடைசி நம்பர்தான் சிலிண்டர். பெரும்பாலான நாலு சிலிண்டர் கார்ல பெல்ட் ஓடுற பக்கம் இருக்கது 1. பி0300ன்னு வந்தா ஒரு குறிப்பிட்ட சிலிண்டர்னு இல்லாம மாத்தி மாத்தி மிஸ்ஸாகுது, அப்ப காயிலுக்குப் போகாம, கீழ காத்து கசிவப் பத்தி எழுதியிருக்க பகுதிக்குப் போங்க.

ஸ்கேனர் இல்லன்னா, ஐட்லிங்ல ஓடும்போது, சிலிண்டருக்குப் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரோட கப்ளர ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. நல்லா இருக்க சிலிண்டர்ல கழட்டுனா ஆட்டம் கூடும், செத்த சிலிண்டர்ல கழட்டுனா ஒரு வித்தியாசமும் தெரியாது. காயில் கப்ளரக் கழட்டியும் பாக்கலாம்தான், ஆனா அப்ப பெட்ரோல் எரியாம கன்வர்ட்டருக்குப் போகும், இன்ஜெக்டர் கப்ளர்னா பெட்ரோலே நின்னுரும், அதான் நல்லது. இன்ஜெக்டர் கைக்கு எட்டாத எடத்துல இருந்தா காயில்ல ரெண்டு மூணு செகண்டு மட்டும். பழைய வண்டில பிளக் வயர உருவி கைல பிடிச்சுப் பாக்க வேலையே வேண்டாம், பல்லாயிரம் வோல்ட்.

சிலிண்டர் தெரிஞ்சாச்சுன்னா முதல்ல கப்ளர். என் வண்டில 3ஆவது காயில். பன்னெண்டு வருசம் என்ஜின் சூட்டுல வெந்த பிளாஸ்டிக், கழட்டும்போதே அந்த லாக் நாக்கு ஒடிஞ்சிருக்கு, நான் கவனிக்கல. திரும்ப மாட்டும்போது உள்ள போன மாதிரிதான் இருந்துச்சு, மேல இருந்து பாத்தா மத்த மூணு மாதிரியேதான் தெரிஞ்சுது. டார்ச் அடிச்சு பக்கவாட்டுல பாத்தப்பதான் தெரிஞ்சுது, மத்த மூணுலயும் கப்ளர் விளிம்பு காயிலோட ஒட்டி நிக்கி, இதுல ஒரு நெல்லு மணி கனத்துக்கு இடைவெளி. அழுத்துனதும் ஆட்டம் பாதி கொறைஞ்சுது, கைய எடுத்தா மறுபடி புப் புப். ஒரு ஜிப் டை போட்டு இழுத்துக் கட்டுனேன், லைட் மினுக்குறது நின்னுட்டு. அதனால ஒவ்வொரு கப்ளரையும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி, அந்தால லேசா பின்னால இழுத்தும் பாருங்க. கண்ணால பாத்தது மட்டும் கணக்குல சேராது.

கப்ளர் எல்லாம் சரின்னா மாத்திப் போட்டுப் பாக்கது. 2ல மிஸ்ஸிங்னா 2ஆவது காயில 3லயும் 3ஆவத 2லயும் போடுங்க, கோட அழிச்சுட்டு ஓட விடுங்க. பி0303ன்னு வந்தா காயில்தான், இப்ப தாராளமா வாங்குங்க. பி0302லயே நின்னா பிளக்க இதே மாதிரி மாத்துங்க, அதுலயும் நகரலன்னா இன்ஜெக்டர். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, ரெண்ட சேத்து மாத்துனா எது கோளாறுன்னு ஒருக்காலும் தெரியாது.

பிளக்கப் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும். புது பிளக்னாலும் கீழ ஒருக்கா விழுந்தா அது புதுசு இல்ல, பீங்கான்ல மயிரிழை கீறல் விழும், முனை நசுங்கி கேப் அடைஞ்சிரும். ஃபீலர் கேஜ் போட்டு கேப் பாருங்க, பல பெட்ரோல் காருக்கு 0.8ல இருந்து 1.1 மி.மீ., உங்க வண்டிக்கு சரியா என்னன்னு மேனுவல்ல இருக்கும். மாட்டும்போது பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து பிளக் மண்டைல சொருகி அதால சுத்துங்க, மரை நேரா ஏறுனா வெண்ணெய் மாதிரி போகும், கோணலா ஏறுனா ஹோஸ் வழுக்கிரும், அலுமினிய ஹெட்டோட மரை தப்பிக்கும். கைக்கு நின்ன பொறவு, வாஷர் உள்ள புது பிளக்னா ஸ்பானர்ல சுமார் அரைச் சுத்து. லூசா விட்டாலும் கம்ப்ரஷன் கசிஞ்சு டிக் டிக்குனு சத்தத்தோட மிஸ்ஸிங் வரும்.

டேப்பட் கவர் கழட்டுனவங்க பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கணும். கவர் பேக்கிங் கூடவே பல வண்டில பிளக் குழியச் சுத்தி தனியா ரப்பர் வளையமும் உண்டு, அது மடங்கியோ விட்டுப்போயோ இருந்தா குழிக்குள்ள ஆயில் நெறஞ்சு காயில் ரப்பர் ஊறி, கரண்டு வெளிய தாவ ஆரம்பிக்கும். வேலை முடிஞ்சு என்ஜின தண்ணி அடிச்சுக் கழுவுனவங்களுக்கும் இதே கதைதான், வாட்டர் சர்வீஸ் விட்டுட்டு வந்தா மிஸ்ஸிங்னா குழிக்குள்ள தண்ணி நிக்கி. துணியச் சுத்தி ஒத்தி எடுங்க, காயவிடுங்க, சரியாயிரும்.

ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்குதா, ஐட்லிங் கூட நிக்கா, உஸ்ஸுனு சத்தமா

எனக்கு மினுக்குறது நின்ன பொறவும் மஞ்ச லைட் போகல. முள்ளு ஆயிரத்துக்கு மேல ஏறும், எறங்கும், ஏறும், கோட் பி0171. ஒரு கோளாறு இன்னொரு கோளாற மறைச்சிருந்துச்சு, முதல்ல உள்ளது போனப்பொறவுதான் இது வெளிய தெரிஞ்சுது. ஒண்ணச் சரி பண்ணியும் முழுசா நிக்கலன்னா முதல்ல பண்ணது தப்புன்னு நெனைக்காதீங்க, ரெண்டாவது ஒண்ணு இருக்கும்.

பி0171ன்னா காத்து கூட, பெட்ரோல் கொறைவு. திராட்டிலுக்குப் பொறவு எங்கயோ ஒரு ஓட்டை வழியா கணக்குல வராத காத்து உள்ள போகுது. உள்ள வர்ற காத்த அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டில இந்தக் கோட் சீக்கிரம் வரும், ஏன்னா அந்த சென்சார் வழியா வராத காத்த அதால எண்ண முடியாது. உள்ள காத்தழுத்தத்த அளக்குற மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டில காத்தழுத்தம் ஏறுனத ஈசியு பாத்து பெட்ரோலயும் கூட்டிரும், அதனால கோட் வராம ஐட்லிங் மட்டும் 1200, 1500ன்னு கூட நிக்கும்.

ஸ்கேனர்ல ஃபியூவல் டிரிம்னு ஒண்ணு வரும், ஈசியு பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டுது, கொறைக்குதுங்கிற கணக்கு, அத ரெண்டு வேகத்துல பாருங்க. ஐட்லிங்ல +20 பக்கம் நின்னு, 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் பண்ணுனா +5க்கு கீழ எறங்குச்சுன்னா அது காத்து கசிவேதான், ஏன்னா ஐட்லிங்ல உள்ள போற மொத்தக் காத்தே கொஞ்சம், அதுல ஓட்டைக் காத்தோட பங்கு பெருசு, ரேஸ்ல அந்தப் பங்கு சிறுசாயிரும். ரேஸ் பண்ணியும் எறங்காம அப்படியே இருந்தா இல்ல இன்னும் ஏறுனா பெட்ரோல் பிரஷர் கொறைவோ ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கோ.

எங்கன பாக்கணும்? முதல்ல ரெண்டு காசு செலவில்லாத எடம், டிப்ஸ்டிக் முழுசா உள்ள எறங்கியிருக்கா, ஆயில் மூடி இறுகியிருக்கா. அங்கன நுழையுற காத்தும் பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள்ள உள்ள ஆவிய இழுக்குற குழாய்) வழியா, சிலிண்டருக்குக் காத்து கொண்டு போற மேனிஃபோல்டுக்குத்தான் போகுது. பொறவு திராட்டில் பாடி பேக்கிங், மேனிஃபோல்ட் பேக்கிங், பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ், பெட்ரோல் ஆவிய இழுக்குற சின்ன ஹோஸ். பிரேக் பெடல் திடீர்னு கல்லு மாதிரி இருந்தா அது பூஸ்டர் ஹோஸ், வண்டிய ரோட்டுக்கு எடுக்காதீங்க.

என் வண்டில பிசிவி ஹோஸ். டேப்பட் கவர்ல இருந்து திராட்டிலுக்குப் பொறகால உள்ள குழாய்க்குப் போற கட்டைவெரல் கனம் ரப்பர், வளைவுல அடிப்பக்கம் ஒரு கீறல். கைல எடுத்து நேரா வச்சுப் பாத்தா கீறல் தெரியவே இல்ல, வளைச்சு மாட்டுனாதான் மீன் வாய் மாதிரி தொறக்கும். ராத்திரி தெரு அடங்குன பொறவு ஒரு கஜம் தண்ணி டியூப எடுத்து ஒரு முனைய காதுல வச்சுக்கிட்டு மறு முனையால ஒவ்வொரு எணைப்பா தடவிக்கிட்டே போனேன். குக்கர் விசில் வாரதுக்கு முன்னாடி உஸ்ஸுனு ஒரு மூச்சு விடுமே, அந்த வளைவுல அதே சத்தம். வெரல வச்சு பொத்துனதும் முள்ளு 750ல வந்து அசையாம நின்னுச்சு, எனக்கு அப்ப வந்த நிம்மதிய சொல்ல முடியாது. ஹோஸ் நீளம் இருந்ததால கீறல் வரைக்கும் முனைய வெட்டிட்டு, ஹோஸ இறுக்குற ஜூப்ளி கிளிப் போட்டேன்.

டியூப்ல கேக்கலன்னா பூச்செடிக்கு அடிக்கிற தண்ணி ஸ்பிரேய எணைப்புல மட்டும் லேசா அடிங்க, கசிவு எடத்துல பட்டா ஐட்லிங் ஒரு நொடி மாறும். காயில், கப்ளர் மேல படக்கூடாது. சிலபேரு கார்ப் கிளீனர் அடிச்சுப் பாக்காங்க, கண்டுபிடிக்கும், ஆனா சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது தீப்பிடிக்குற சாமான், நான் அடிக்க மாட்டேன், உங்களையும் அடிக்கச் சொல்ல மாட்டேன்.

திசையன்விளை, உடன்குடி பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு சேதி. அங்க உள்ள தேரி செம்மணல் மாவு மாதிரி நைசு. ஏர் ஃபில்டர் டப்பா கிளிப் ஒண்ணு சரியா விழலன்னாலும் ஃபில்டர சுத்திக்கிட்டு உள்ள போயிரும். அங்க உள்ள என் சிநேகிதன் "மாப்ள, ஃபில்டர் மாத்துன அன்னைல இருந்து வண்டி இழுக்க மாட்டேங்கி"ன்னு போன் போட்டான், போய்ப் பாத்தா ஃபில்டர் ஒரு மூலைல மடங்கி நிக்கி, அதுக்கு அங்கிட்டு குழாய்க்குள்ள செக்கச்செவேல்னு ஒரு படலம், ஏர்ஃப்ளோ சென்சார் கம்பிலயும் அதேதான். அதுக்குன்னு விக்கிற கிளீனர மட்டும் தூரத்துல இருந்து அடிச்சு காயவிட்டோம், துணியோ பிரஷ்ஷோ பட்டா அந்தக் கம்பி அந்துரும்.

திராட்டில் கிளீன் பண்ணின பொறவு மட்டும் ஐட்லிங் கோளாறு

அழுக்கு படிய படிய ஈசியு திராட்டில் உள்ள தகட்ட கொஞ்சங்கொஞ்சமா கூட தொறந்து பழகியிருக்கும். அழுக்கு போனதும் அதே தொறப்புல காத்து நெறைய வரும், ஐட்லிங் ஏறும். பேட்டரியும் கழட்டியிருந்தா பழக்கம் பூரா அழிஞ்சு ஏசி போட்டதும் ஆஃப் ஆகும். இது உடைஞ்ச கோளாறு இல்ல, திரும்பப் பழகணும். சரியான முறை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருந்தா அதையே செய்யுங்க. இல்லன்னா ஏசி, லைட் எல்லாம் ஆஃப் பண்ணி ஆக்சிலேட்டர தொடாம ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தரம் சுத்தி நிக்குற வரைக்கும் விடுங்க, பொறவு ஏசி போட்டு அஞ்சு நிமிசம், அந்தால ஒரு இருபது கிலோமீட்டர் நின்னு நின்னு போற ரோட்டுல ஓட்டுங்க. அப்பவும் சரியாகலன்னா ஸ்கேனர்ல திராட்டில் ரீசெட் போடணும். எலக்ட்ரானிக் திராட்டில் தகட்ட ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிக் கிளீன் பண்ணியிருந்தா உள்ள பிளாஸ்டிக் பல்லு போயிருக்கலாம், அது பழகுனா சரியாகுற சங்கதி இல்ல.

ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது

ஹெட் பக்கம் வேலை பாத்திருந்தா கேம் சென்சார் கப்ளர், கோட் பி0340. ஸ்டார்ட்டே ஆகலன்னா கிராங்க் சென்சார், பி0335, கீழ கியர்பாக்ஸ் பக்கமோ பெல்ட் பக்கமோ இருக்கும். பெட்ரோல் லைன் கழட்டியிருந்தா சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்டு பம்ப் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க, இப்படி மூணு நாலு தரம், பிரஷர் ஏறிரும்.

பெட்ரோல் நாத்தம், கரும்புகை, ஃபேன் நிக்காம சுத்துது

குளிர்ந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணின உடனே ரேடியேட்டர் ஃபேன் சுத்துச்சுன்னா கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கப்ளர் கழண்டு கெடக்கு, பி0118. சூடு தெரியாததால பல வண்டில ஈசியு பாதுகாப்புக்கு ஃபேன போட்டு விடும், பெட்ரோலும் தப்பா ஊத்தும். உள்ள வர்ற காத்தோட சூடு பாக்குற சென்சார்னா பி0113. ரெண்டுமே கப்ளர மாட்டுனா தீர்ற கதை. இன்ஜெக்டர கழட்டியிருந்து நாத்தம் அடிச்சா ஓ ரிங் கசியுது, அது தீ சமாச்சாரம், ஸ்டார்ட் பண்ணாம கழட்டுங்க.

லைட் நாலஞ்சு சேந்து எரியுது

ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், செக் என்ஜின் எல்லாம் ஒண்ணா வந்தா எல்லாம் ஒண்ணா கெட்டிருக்காது, கரண்டு ஒழுங்கா வரல. டெர்மினல கையால திருகிப் பாருங்க, அசையவே கூடாது. பேட்டரி மைனஸ்ல இருந்து என்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டைய போல்ட்டு போட மறந்திருப்போம், இல்ல பெயின்ட் மேல முடுக்கியிருப்போம். என்ஜின ஓட விட்டு ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுட்டு மல்டிமீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண என்ஜின் பிளாக்லயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் சரியில்ல. டயர் கழட்டி வேலை பாத்த பொறவு ஏபிஎஸ் லைட் மட்டும் வந்தா வீல் சென்சார் வயர்.

அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி பக்கம் வயக்காட்டுக்கு அருகுல நிப்பாட்டுறவங்க, வேலை அரைகுறையா நின்னு பானட்டு ராத்திரி பூரா தொறந்து கெடந்துச்சுன்னா எலிய மறக்காதீங்க. ஒரே ராத்திரில இன்ஜெக்டர் வயர் ரெண்டும் தோல் உரிஞ்சு நின்னத நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த வண்டிக்காரரு மூணு நாளா பிளக்கையே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாரு. மேனிஃபோல்டுக்கு அடில தேங்கா நாரு, புழுக்கை கெடந்தா வயரத் தடவிப் பாருங்க.

எல்லாம் பாத்தாச்சு, ஆட்டம் போகல

வால்வும் பிஸ்டனும் சேந்து நடக்க வைக்கிற டைமிங் செயினோ பெல்ட்டோ தொட்டிருந்து இழுவை இல்லாம ஆடுச்சுன்னா, அதோட பி0016ம் வந்துச்சுன்னா, ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதுக்கு மேல ஸ்டார்ட் பண்ணாதீங்க, நெறைய என்ஜின்ல டைமிங் தப்புனா வால்வு பிஸ்டன்ல மோதும். மார்க்க பாத்து மாட்டிட்டு, ஸ்பானர் போட்டு கிராங்க கையால ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க, எங்கயும் முட்டாம வந்து மார்க் மறுபடி சேரணும். முட்டுச்சுன்னா நிப்பாட்டுங்க, பலத்தக் கொடுக்காதீங்க.

டைமிங் தொடலன்னா சிலிண்டர் அழுத்தம் பாக்குற கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்குங்க. என்ஜின் சூட்டுல, பிளக் நாலையும் கழட்டி, ஃபியூவல் பம்ப் ஃபியூஸ உருவி, காயில் கப்ளரயும் கழட்டி, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு சுத்து செல்ஃப். நாலும் கிட்டக்கிட்ட இருக்கணும், ஒண்ணு மட்டும் மத்தத விட 15 சதவீதத்துக்கு மேல கொறைஞ்சா வால்வோ ரிங்கோ ஹெட் பேக்கிங்கோ. பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து கொறைஞ்சா ஹெட் பேக்கிங்தான்னு சந்தேகப்படுங்க, கூலன்ட்ல குமிழி வருதா, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கான்னு பாத்துக்கோங்க. இந்த எடத்துல வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுல ஒரு கௌரவக் கொறைச்சலும் இல்ல, நீங்க எழுதுன பேப்பரையும் கோட் நம்பரையும் கையோட கொடுத்தா அவங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கோட அழிச்ச பொறவு

இப்பதான் லைட்ட அழிக்கணும். அழிச்சதும் ஜெயிச்சாச்சுன்னு விடாம, ஆறுன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் டவுனுக்குள்ள, கொஞ்சம் நாலுவழிச்சாலைல சீரான வேகத்துல ஓட்டுங்க. நான் பாளையங்கோட்டைல இருந்து நாங்குநேரி வரைக்கும் போய்ட்டு வந்தேன். திரும்பி வந்து ஸ்கேனர்ல பென்டிங் கோட் இருக்கான்னு பாருங்க, லைட் எரியதுக்கு முன்னாடியே அதுல வந்திரும், மூணு நாளைக்கு அது காலியா இருக்கணும். ஃபியூவல் டிரிம் ரெண்டு பக்கமும் 5, 6க்குள்ள நின்னா சரி.

சூடாகி ஆறுன பொறவு ஜூப்ளி கிளிப்ப இன்னொருக்கா லேசா முடுக்குங்க. டேப்பட் கவர் போல்ட்ட அப்படி முடுக்கக் கூடாது, அது டார்க் ரென்ச்சுல நடுவுல இருந்து வெளிய வர்ற மாதிரி ஒருக்கா வச்சதோட சரி, மேல மேல முடுக்குனா பேக்கிங் பிதுங்கும். ராத்திரி வண்டிக்கு அடில பழைய பேப்பர விரிச்சுட்டுப் படுங்க, காலைல அதுல சொட்டு விழுந்திருந்தா எந்த எடத்துக்கு நேரா விழுந்திருக்குன்னு பாத்து அங்கன இருந்து தேட ஆரம்பிக்கலாம்.